அறுபத்தெட்டுப் படிகளும் ஒரு சிவப்பு நாற்காலியும்

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் கிடையாது. தரையிலிருந்து நான்காம் மாடியில் எங்கள் வாசல் வரை அறுபத்தெட்டுப் படிகள். இந்த எண்ணில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது ஆண்டுகளாக எண்ணி வருகிறேன். கீழ்ப்படியில் கால் வைத்த நேரமும் வாசலில் செருப்பைக் கழற்றிய நேரமும் என் நோட்டில் இருக்கின்றன. முதல் நோட்டில் பெரும்பாலும் மூன்று நிமிடம். ஐந்தாவது நோட்டில் ஏழு. சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினான்கு. அதன் பக்கத்தில் "இரண்டு முறை அழுதேன்" என்று எழுதியிருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு திருமண அழைப்பிதழ் அச்சகத்தில் நான் பிழை திருத்துபவள். முகூர்த்தத் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, மண்டபத்து முகவரி சரியா, தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்றா என்று பார்ப்பது என் வேலை. ஒரு தேதி தவறினால் ஐந்நூறு பத்திரிகையும் குப்பைக்குப் போகும். இருபத்தொரு வருடம் இந்த வேலையில் இருந்தவளுக்குத் தன் நாட்களையும் தேதி போட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. சமைத்தது, பெய்த மழை, ரயில் தாமதம், படித்து முடித்த புத்தகம், எல்லாம் நோட்டுக்குள் போகும். இதையும் அந்த நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என்னுடையதைப் போன்ற கால்களோடு, "சோத்தக் கொறைங்க" என்ற ஒரே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

என் கால்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தடித்தவை. கணுக்காலில் வளையம் மாட்டியது போல ஒரு மடிப்பு. அதற்குக் கீழே பாதம் மட்டும் மெலிந்தது. மகன் பிறந்த பிறகு தொடங்கியது, நாற்பத்தைந்தைத் தாண்டியதும் வேகம் பிடித்தது. ரயில் இருக்கையின் ஓரம் இடித்தால் பத்து நாளைக்கு நீலம். பூனை மடியில் ஏறினாலே வலிக்கும். மூன்று கிளினிக் ஏறினேன். மூன்று உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஒரே வருடத்தில் ரவிக்கை அளவு இரண்டு முறை குறைந்தது. கால் நூலளவும் குறையவில்லை. "மேல ஒரு ஆளு, கீழ வேற ஆளு மாதிரி இருக்கீங்கக்கா" என்று தையல்காரப் பெண் சிரித்தாள். மருத்துவர்கள் தவறவிட்டதை அவள் அளவு நாடாவை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் காக் ரோஸ்னா குடியிருக்கிறார். காக் என்றால் மலாயில் அக்கா. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தன் வீட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டார். "டுடுக் டூலு" என்றார், முதலில் உட்கார் என்று. அதன் பிறகு அந்த நாற்காலி உள்ளே போகவில்லை. மழைச்சாரல் பட்டு வெளுத்தபோது அதன் மேல் ஒரு துணி விரித்தார், அவ்வளவுதான்.

பதினான்கு நிமிடம் ஆன அந்த வெள்ளிக்கிழமை, இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் மணியம் பேச்சை எடுத்தார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார்.

"இந்த வீட்டத் தள்ளிட்டு கீழ் வீடா பாத்துருவோம் தேவகி. ஏஜண்ட்டு தெனமும் போன் அடிக்கிறான்."

"நான் மாசாமாசம் கட்டி முடிச்ச வீடு இது."

"யாரு இல்லேன்னா? மேல ஏறிப்போய் வாழணும்லா."

சமையலறைச் சன்னலில் நின்றால் ரயில் தண்டவாளமும் அதற்கப்பால் ஆறும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். "வர்ற பொங்கல் வரைக்கும் டைம் கொடுங்க. அதுக்குள்ள நானா நிக்காம ஏறலேன்னா கையெழுத்துப் போடறேன்."

"எழுதிக் குடு" என்றார் விளையாட்டாக. நான் விளையாடவில்லை. நோட்டில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டோம். நிற்காமல், நாற்காலியில் உட்காராமல், அறுபத்தெட்டுப் படி.

முழங்கால் வலிக்காகத்தான் பங்சார் பக்கம் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மணியத்தோடு போனேன். அங்கிருந்த எலும்பு மருத்துவர் என் முழங்காலைவிட அதைச் சுற்றியிருந்த சதையை அதிக நேரம் பார்த்தார். பிறகு அதே மாடியில் இருந்த டாக்டர் அனிதாவிடம் அனுப்பினார். அவர் பிளாஸ்டிக் சர்ஜன். அறைக்கு வெளியே மூக்கும் முகவாயும் திருத்திய படங்கள் தொங்கின. எங்களோடு காத்திருந்த பெண்கள் எல்லாரும் என் பாதி வயதும் பாதி எடையும் உள்ளவர்கள். மணியம் என் காதோரம் குனிந்து, "தப்பான கடைக்கு வந்துட்டோம் போல" என்றார்.

டாக்டர் அனிதா என் இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்தோலைக் கிள்ளித் தூக்கினார். தோல் எளிதாக மேலே வந்தது. "நிணநீர் தேங்குன வீக்கமா இருந்தா இந்தத் தோல் கிள்ளவே வராதும்மா" என்றார். பிறகு கெண்டைக்காலை மெல்ல அழுத்தினார். நான் பல்லைக் கடித்தேன். "வலிக்குதா? வெறும் கொழுப்பா இருந்தா வலிக்காது. இதுக்குப் பேரு லிப்பிடீமா."

இரண்டு கால்களிலும் ஒரே மாதிரியாக, பாதத்தை மட்டும் விட்டுவிட்டு, நோயுற்ற கொழுப்பு சேர்வது. ஏறக்குறைய பெண்களுக்கே வருவது. பூப்பெய்தும்போது, பிள்ளைப் பேற்றின்போது, மாதவிடாய் நிற்கும்போது என்று உடம்பின் சுரப்பிகள் மாறும் காலத்தில் தலைகாட்டுவது. பட்டினி கிடந்தால் மேலுடம்பு இளைக்கும், இது இளைக்காது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று பின்னர் படித்தேன். பெயர் எங்கள் ஊர்க் கிளினிக்குகள் வரை வந்து சேரத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அன்று ரயிலில் திரும்பும்போது எனக்கு வந்தது அழுகையல்ல. தின்றே பெருத்தவள் என்று என்னை நானே திட்டிக்கொண்ட பக்கங்கள் நோட்டு நோட்டாக நினைவுக்கு வந்தன.

அடுத்த முறை டாக்டர் அனிதா சிகிச்சை பற்றிப் பேசினார். லைப்போசக்ஷன் என்ற சொல்லைக் கேட்டதும் மணியம் நிமிர்ந்தார்.

"அது நடிகைங்க பண்றதுதானே டாக்டர்?"

"அவங்களும் பண்ணுவாங்க அங்கிள். அவங்களுக்கு அழகு. இவங்களுக்கு நடை."

எப்படிச் செய்வார்கள் என்று நான் கேட்டேன். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். முதலில் உப்புநீரில் மரப்பு மருந்தும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தும் கலந்து கொழுப்புப் படலத்துக்குள் ஏற்றுவார்கள். கால் ஊறிய பஞ்சு போல உப்பும். ரத்தப்போக்கு குறைவதற்கு அதுதான் காரணம். பிறகு பேனா ரீஃபிலைவிடச் சற்றுத் தடித்த குழாயைச் சிறு துளைகள் வழியே செலுத்திக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். இதிலேயே வகைகள் உண்டு. அதிரும் குழாயால் கொழுப்பைத் தளர்த்துவது ஒன்று. விசிறி போல் நீரைப் பீய்ச்சி மெல்லக் கழற்றுவது இன்னொன்று. லேசர், ஒலி அலை ஆகியவற்றின் சூட்டில் உருக்குவதும் உண்டு. நிணநீர்க் குழாய்களுக்குச் சேதம் குறைவாக இருக்கவேண்டும் என்பதால் எனக்கு நீர்முறையைத் தேர்ந்தார். ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுப்பது ஆபத்து. முதலில் முழங்காலுக்குக் கீழும் முழங்காலின் உட்பக்கமும். குறைந்தது மூன்று மாதம் கழித்துத் தொடைகள்.

"எத்தன கிலோ கொறையும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"கிலோவுக்காக வந்தா நான் செய்யமாட்டேன்மா. எடையைக் குறைக்கிற வைத்தியம் இல்ல இது. நோய வேரோட எடுக்கவும் எடுக்காது. வலி குறையும், நடக்க வரும். அதுக்கப்புறமும் இறுக்கமான காலுறை போடவேண்டி வரலாம். இதுக்குச் சம்மதமா?"

சம்மதம் மட்டும் போதாது என்றார். எல்லாருக்கும் இதைச் செய்ய முடியாது. எடை சில மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் இருக்கவேண்டும். இதயம், தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை எல்லாம் சரியாக இருக்கவேண்டும். புகைப்பிடிப்பவர்களுக்குக் காயம் ஆறாது. அறுவையில்லாத வழிகளை, அதாவது காலுறை, நிணநீர் மசாஜ், நீச்சல், முதலில் ஆறு மாதம் செய்து பார்க்கவேண்டும். நான் படிக்கட்டு நோட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பத்துப் பக்கம் புரட்டினார். "இப்படி ஒரு ரெக்கார்டு எங்கிட்ட எந்தப் பேஷண்ட்டும் கொண்டு வந்ததில்ல" என்றார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கர்வம் பின்னால் நன்றாக அடிவாங்கியது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலுறையோடு வாழ்ந்தேன். பதினான்கு நிமிடம் பன்னிரண்டானது, அதற்குக் கீழே போகவில்லை. காலின் ரத்த நாளங்களில் அடைப்பு இல்லை என்பதை ஒலி அலைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த ஜெல்லைத் தடவி, ஒரு கருவியைக் காலில் நகர்த்த, என் ரத்தம் ஓடுகிற சத்தம் அறை முழுதும் கேட்டது. காப்புறுதி நிறுவனம் இது அழகுச் சிகிச்சை என்று ஒரே வரியில் மறுத்தது. டாக்டர் அனிதா மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. சேமநிதியில் மருத்துவத்துக்கென எடுக்கலாம் என்றிருந்ததை எடுத்தோம். மணியம் புது வேன் வாங்கும் யோசனையை வாய்விட்டுச் சொல்லாமலே தள்ளிப்போட்டார். பழைய வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டு வந்து, "இது இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்லா" என்றார். நான் கேட்கவே இல்லை.

அறுவைக்கு முந்தைய விசாரணையில் தாதி ஒரு படிவத்தை நிரப்பினாள். "மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா ஆன்டி?" "இல்ல." "நிச்சயமா?" "நிச்சயமா." என் நோட்டில் மருந்துக்கென்றே தனிப் பக்கம் உண்டு. அது வெறுமையாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 7.10. பச்சை அங்கி மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தேன். மயக்க மருந்து நிபுணர் டாக்டர் ஹஸ்லினா வந்தார். முந்தின நாள் ரத்தம் எடுத்த என் முழங்கையை விளக்கருகே திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையகலத்துக்குக் கருநீலம் படர்ந்திருந்தது. லிப்பிடீமா உள்ளவர்களுக்குக் கன்றிப்போவது வழக்கம்தான்; ஆனால் கையில் இந்த அளவுக்கு ஏன் என்று அவருக்குச் சந்தேகம். மருந்து பற்றி அவர் கேட்கவில்லை. தினமும் காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் பிடித்த கேள்வி. மணியத்தை நோட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லி வாசித்தேன். "இட்லி மூன்று. தேங்காய்ச் சட்னி. புஷ்பா கேப்சூல்: மீன் எண்ணெய் இரண்டு, பூண்டு இரண்டு, மஞ்சள் ஒன்று. பால் இல்லாத தேநீர்."

அவர் பேனாவை மூடினார்.

புஷ்பா என் நாத்தனார். சுங்கை வேயில் இருக்கிறாள். நேரடி விற்பனையில் சத்து மாத்திரை விற்கிறாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அவளிடம் வாங்குகிறோம். கலியாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே டப்பா கைமாறும். அது மருந்தென்று யாருக்கும் தோன்றியதில்லை. டாக்டர் கொடுத்தால் மருந்து. சொந்தக்காரி கொடுத்தால் அது சாப்பாட்டோடு சேர்த்தி. எட்டு மாதமாக, ஒரு நாளும் தவறாமல், தேதி போட்டு, நான் அதைக் காலை உணவுப் பக்கத்தில்தான் எழுதி வந்திருக்கிறேன். மூன்றும் சேர்ந்தால் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும், இரண்டு வாரம் நிறுத்தாமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார் டாக்டர் ஹஸ்லினா. மறுபடி அறுவை அரங்கம் கிடைத்தது அக்டோபர் நடுவில். கட்டிலிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது அறுவை பொங்கலுக்கு முன் முடியாது. பாதிக் காலோடுதான் படியேற வேண்டும்.

லிஃப்டில் இறங்கும்போது மணியம் சொன்னார்: "ஐந்நூறு பத்திரிகையில தப்புக் கண்டுபிடிக்கிறவ நீ."

"பேசாம வாங்க."

விஷயத்தை யார் புஷ்பாவிடம் சொன்னது என்று தெரியவில்லை. சாயங்காலமே போன் வந்தது.

"என் கேப்சூல்ல விஷம்னு சொல்லிட்டாங்களாமே அண்ணி?"

"அப்படி யாரு சொன்னா? ஆபரேஷனுக்கு முன்னாடி கூடாதுன்னாங்க. நீ டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லல, நானும் கேக்கல."

"எத்தன பேரு சாப்பிடறாங்க! உங்களுக்கு மட்டும்தான் இப்படி."

"எத்தன பேரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க?"

வைத்துவிட்டாள். மூன்று வாரம் பேச்சில்லை. இதில் சங்கடம் என்னவென்றால், அறுவைக்குப் பிறகு பத்து நாளாவது நான் படியேறக்கூடாது, தரைவீட்டில் தங்கவேண்டும். எங்கள் சொந்தத்தில் தரைவீடு புஷ்பாவுடையது ஒன்றுதான்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை முதல் அறுவை நடந்தது. நிற்க வைத்து, என் கால்களில் ஊதா மையால் வட்டங்கள் வரைந்தார் டாக்டர் அனிதா. வரைபடத்தில் மலைகளைக் குறிப்பது போலிருந்தது. முழு மயக்கத்துக்குப் போகுமுன் நான் கடைசியாகப் பார்த்தது சுவர்க் கடிகாரம்: 8.25. விழித்தபோது 12.40. இரண்டு கால்களிலுமிருந்து நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்தார்களாம்.

இதை எழுதாமல் விடக்கூடாது: முதல் இரவு படுக்கை நனைந்துவிட்டது. ஏற்றிய நீர் வெளியேறுவதற்காகத் துளைகளைத் தைக்காமலே விடுவார்கள். இளஞ்சிவப்பாக ஒழுகியது. முன்பே சொல்லியிருந்தும் ரத்தமென்றே பயந்து மணியடித்தேன். வந்த தாதி விரிப்பை மாற்றினாள். "வெளியே வர்றது நல்லதுதான் ஆன்டி, உள்ளயே நின்னாதான் தொல்லை" என்றாள். அன்று மாலையே நடக்க வைத்திருந்தார்கள். கட்டிலிலிருந்து கதவு வரை பதினொரு அடி. காலில் ரத்தக்கட்டு வராமலிருக்க வயிற்றில் ஊசி. கெண்டைக்காலில் திடீர் வலியோ, மூச்சுத் திணறலோ, காய்ச்சலோ வந்தால் எந்த நேரமானாலும் உடனே வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நோட்டில் ஒட்டினேன்.

மறுநாள் மணியம் வேனை நேராகச் சுங்கை வேக்கு ஓட்டினார். புஷ்பா வாசலில் நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். முன்னறையில் கட்டில் போட்டு, மெத்தைமேல் பிளாஸ்டிக் விரிப்பும் அதன்மேல் பழைய துண்டுகளும் போட்டிருந்தாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும்.

இடுப்பிலிருந்து பாதம் வரை இறுக்கும் உடுப்பை இரவும் பகலும் ஆறு வாரம் போடவேண்டும். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். கழற்றுவது எளிது. வீங்கிய, கன்றிய கால்களில் திரும்ப ஏற்றுவதுதான் கொடுமை. முதல் நாள் நாற்பது நிமிடம் போராடினோம். இரண்டாம் நாள் புஷ்பா பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். துணி வழுக்காமல் கையோடு ஏறியது. பன்னிரண்டு நிமிடம்.

"எங்க கத்துக்கிட்ட?"

"மீன் கழுவறப்ப இதான் வழுக்காது. உங்க காலும் அப்படித்தான் இருக்கு அண்ணி."

சிரித்தபோது தையலில்லாத துளைகளெல்லாம் வலித்தன. அவளும் சிரித்தாள். அன்று மாலை, தன் வாடிக்கையாளர் பெயர்கள் இருந்த நோட்டை என்னிடம் நீட்டினாள். "அழகா எழுதுவீங்கள்ல, எல்லா டப்பாவிலயும் ஒட்டற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. ஆபரேஷன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு." அறுபது ஒட்டுத்தாள் எழுதினேன். இதுவரை நான் பிழை திருத்தியவற்றில் அதிகம் பேருக்குப் பயன்படப்போவது அவைதான் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினேன். படியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன், பதினாறு நிமிடம். அறுவைக்கு முன்பிருந்ததைவிட அதிகம். அன்று நோட்டை மூடி வைத்துவிட்டேன். வீக்கம் வடிய மூன்று மாதமாகும், ஆறும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நம்புவதற்கும் கண்ணாடியில் மஞ்சளும் ஊதாவுமாகக் காலைப் பார்ப்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருந்தது. ஏஜண்ட் மறுபடி போன் செய்தான். மணியம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பேசினார்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு காலை, பூனை மடியில் ஏறிப் படுத்தது. அது இறங்கிப்போன பிறகுதான் வலிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். நவம்பர் கடைசியில் ஒன்பது நிமிடம். டிசம்பர் நடுவில் ஆறரை, நாற்காலியில் ஒரே ஒருமுறை உட்கார்ந்து. காலின் வெளிப்புறம் இன்னும் மரத்தே இருக்கிறது. தொடைகள் பழையபடிதான். இரண்டாவது அறுவை மார்ச்சில்.

பொங்கலன்று காலை, பானைக்குப் பால் போதவில்லை என்று கடைக்குப் போனோம். மணியம் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் வாங்கிக்கொண்டார். கீழ்ப்படியில் நின்று நேரம் பார்த்தேன்: 8.52.

"இன்னிக்கேவா?" என்றார்.

"இன்னிக்குன்னுதானே அன்னிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டோம்."

முதல் மாடி பேச்சோடு போனது. இரண்டாம் மாடியில் பேச்சை நிறுத்தினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் காக் ரோஸ்னா குப்பை வைக்க வெளியே வந்திருந்தார். பழக்கத்தில் நாற்காலித் துணியைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்துக் கைப்பிடியைப் பற்றினேன். அவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு. தொடை எரிந்தது. அறுபத்தெட்டு. செருப்பைக் கழற்றினேன். 8.57. ஐந்து நிமிடம்.

பின்னால் மணியத்தைக் காணவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில், மடியில் அரிசி மூட்டையோடு, சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காக் ரோஸ்னா அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வரலியா?"

"நீ போ. மூச்சு வாங்குது." தண்ணீரைக் குடித்து முடித்து அண்ணாந்து பார்த்தார். "அந்த ஏஜண்ட்டுக்கு இனிமே அடிக்காதேன்னு சொல்லிட்றேன். இல்ல இல்ல, இரு. இப்ப எனக்குத்தான் கீழ் வீடு வேணும் போலிருக்கு."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். என் நேரத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுப் புதுப் பெயர் எழுதினேன். மணியம், பத்துக் கிலோவுடன், 8.52 முதல். முடிவு நேரத்துக்கு இடம் விட்டுவிட்டு, பாலை அடுப்பில் வைக்க உள்ளே போனேன்.